உருக்கை அறிந்த கைகள்

யாழ்ப்பாணத்துக் கொல்லர் பட்டறையொன்றின் முற்றத்திலே பழைய இரும்புக் குவியலொன்று கிடப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். உடைந்த லொறி வில்லுத் தகடுகள், பல் தேய்ந்த அரங்கள், குண்டுகள் கழன்ற பெயாரிங் வளையங்கள், வீடு கட்டி மிஞ்சிய கம்பித் துண்டுகள் யாவும் மழையில் நனைந்து கறளேறிக் கிடக்கும். பாளை சீவும் தொழிலாளி ஒருவர் புதிய கத்தி வேண்டுமென வந்து நின்றால், கொல்லர் அக்குவியலைக் கிளறித் துண்டொன்றைத் தெரிந்தெடுப்பார். வழியே போகிறவருக்கு அது குப்பை கிளறுதலாகத் தோன்றும். உண்மையில் அங்கே நடைபெறுவது கலப்புலோகத் தெரிவாகும்.

கட்டடக் கம்பியை அவர் தொடமாட்டார். அதிலே காபன் மிகக் குறைவு. எத்தனை முறை சூடேற்றித் தண்ணீரில் தோய்த்தாலும் அது கடினமாகாது. லொறி வில்லுத் தகட்டிலே நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேற்பட்ட காபனும், அதனோடு சிலிக்கனும் மங்கனீசுமோ குரோமியமோ உண்டு. அடி தாங்கும், வளைந்து நிமிரும். விறகு கொத்தும் கத்திக்கு அதுவே தகும். அரத்திலே காபன் ஒரு பங்குக்கும் மேல். நுண்ணிய கூர் பிடிக்கும், ஆயின் தவறி விழுந்தால் ஒடியும். பெயாரிங் வளையத்திலே ஒரு பங்கு காபனும் ஒன்றரைப் பங்கு குரோமியமும் இருக்கும். கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் அதனை அடித்து நீட்டுவதற்குள் கை சலித்துவிடும். இவ்விலக்கங்கள் எதனையும் கொல்லர் அறியார். சாணைக் கல்லிலே பிடித்தால் பறக்கும் பொறியின் நிறத்தையும் கிளையையும் அறிவார்; உடைத்த முகத்தின் மணியைப் பார்த்து அது நுண்ணியதா பரியதா என அறிவார்; தட்டினால் எழும் ஓசையை அறிவார்.

கத்தியின் உருக்கு பற்றிய சிக்கல் முழுவதும் ஓர் எளிய முரண்பாட்டில் அடங்கியிருக்கிறது. கடினம் கூடக் கூடக் கூர் நிற்கும். கடினம் கூடக் கூட முறியும் இயல்பும் கூடும். சிவக்கக் காய்ந்த உருக்கைச் சட்டென நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது, அதனுள் கரைந்திருந்த காபன் வெளியேற வழியின்றி இரும்பின் பளிங்கமைப்புக்குள்ளேயே சிக்குண்டு, உலோகத்தைக் கண்ணாடிபோற் கடினமாக்கிவிடுகிறது. பின்னர் அதனை மெல்ல இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். துலக்கிய பரப்பிலே வைக்கோல் மஞ்சள் நிறம் படரும்போது, அதாவது ஏறத்தாழ 230 பாகையில், நிறுத்தினால் சவரக்கத்திக்கு ஏற்ற பதம். நீலம் படரும் 300 பாகைவரை விட்டால் வில்லுக்கு ஏற்ற பதம். வெப்பமானி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே உலகமெங்கும் கொல்லர்கள் இந்நிறங்களைப் படித்தார்கள். நல்ல கொல்லர் உலையை இருண்ட மூலையிலே வைத்திருப்பது இதனாலேயே. வெயில் வெளிச்சத்தில் சூட்டின் நிறம் பொய் சொல்லும்.

ஆகவே, ஓர் உருக்கைத் தெரிவு செய்வதென்பது அதன் சூட்டையும் சேர்த்துத் தெரிவு செய்வதேயாகும். சேர்மானம் மாத்திரம் கத்தியாகாது. இது இன்று பாடநூற் செய்தி. ஆயினும் இவ்வுண்மையை மறந்தவர்கள் வரலாற்றிலே திரும்பத் திரும்ப ஒரே தவறைச் செய்தனர். கையிலே இருந்த மிகச் சிறந்த உலோகத்தை, ஒன்றுக்கும் உதவாததெனத் தள்ளினர்.

முதலில் நமது பக்கத்து உருக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாம் உருக்கு என்கிறோம்; தமிழகத்தார் எஃகு என்பர். ஐரோப்பியர் இதனை 'வூட்ஸ்' என்றனர். கன்னடத்து 'உக்கு' என்ற சொல்லின் திரிபே அது என்பது பலரது கருத்து. நமது உருக்கும் அச்சொல்லின் உறவென்றே கொள்ளலாம். சேலம், மைசூர், ஐதராபாத்துப் பகுதிகளிலும் இலங்கையிலும் சிறிய களிமண் மூசைகளில் இது ஆக்கப்பட்டது. உமி கலந்து பிசைந்த களிமண்ணால் மூசை செய்து, அதனுள் தேனிரும்புத் துண்டொன்றையும் ஆவாரஞ் சுள்ளிகளையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, கரி உலையிலே பல மணிநேரம் ஊதுவார்கள். தமிழகத்துச் செய்முறையிலே எருக்கிலையும் இடம்பெற்றது. விறகின் காபனை இரும்பு உறிஞ்சும். காபன் ஏற ஏற உருகுநிலை தாழும். ஈற்றிலே முழுவதும் உருகித் திரவமாகும். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளே முட்டை வடிவாகவோ கூம்பாகவோ சிறு கட்டியொன்று கிடைக்கும். அதிலே நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை காபன்.

ஒன்பதாம் நூற்றாண்டிலே கலீபா அல்முஃதசிமுக்காக வாள்களைப் பற்றி நூலொன்று எழுதிய அறபுத் தத்துவஞானி அல்கிந்தி, சரந்தீபிலிருந்து வந்த உருக்கைத் தனியொரு வகையாகக் குறிப்பிடுகின்றார். சரந்தீப் என்பது இலங்கையே. நெடுங்காலமாக இது வெறும் ஏட்டுச் செய்தியாகவே இருந்தது. பலாங்கொடைக்கு அண்மையிலே சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்படுவதற்கு முன்னோடியாக நடந்த ஆய்விலே, கில் ஜுலெப் என்னும் பிரித்தானியத் தொல்லியலாளர் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் 77 உருக்குத் தலங்களைக் கண்டார். ஏழாம் நூற்றாண்டுக்கும் பதினோராம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை அவை. அங்கே துருத்தி இல்லை. ஆண்டுதோறும் ஆனி முதல் புரட்டாதி வரை அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி. உலையின் முன்சுவரைத் தாண்டி வீசும் காற்று மேலே அமுக்கத்தைக் குறைக்க, அடியிலுள்ள குழாய்கள் வழியே காற்று தானாகவே உள்ளிழுக்கப்பட்டது. இவ்வாறு உலையியங்குமா எனப் பலரும் ஐயுற்றதால், 1994இல் அதேபோன்ற உலையொன்றைக் கட்டி எரித்துப் பார்த்தார்கள். உயர்காபன் உருக்கே கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' ஏட்டிலே அது வெளியாயிற்று.

இந்த இடத்திலே பெருமை பேசத் தொடங்குவது நம்மவர் வழக்கம். உலகுக்கே உருக்களித்தோம் என்று மேடையில் முழங்குவதற்கு முன், உருக்களித்த கைகளுக்கு நாம் அளித்த இடம் யாது என வினவுதல் நேர்மை. கண்டி இராச்சியத்திலே இரும்பு உருக்கியோர் 'யமன்னு' எனப்பட்டனர். கைவினைச் சாதிகளுள்ளும் அவர்கள் கீழேயே வைக்கப்பட்டனர். வாளைப் பிடித்தவனுக்கு நிலமும் பட்டமும் கிடைத்தன. வாளின் உள்ளிருந்த உருக்கை ஆக்கியவன் காட்டோரத்துக் குடிசையிலே கரிப்புகையில் இருமிக்கொண்டிருந்தான். ஆங்கிலேயரின் மலிந்த இரும்பு துறைமுகங்களில் வந்திறங்கியபோது அக்குடிசையும் இல்லாமற் போயிற்று. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியிலுள்ள அலுத்நுவரவிலே மூசை உருக்கு ஆக்கப்படுவதை நேரிற் கண்டு எழுதிவைத்தார். அவர் காலத்திலே அக்கலையை அறிந்தவர்கள் சிலரே எஞ்சியிருந்தனர். மூசையைக் குறட்டாற் பிடித்துக் குலுக்கி, உள்ளே திரவம் அசைவதைக் கையால் உணர்ந்தே உருக்கு ஆயிற்றா இல்லையா என அவர்கள் துணிந்தார்கள். குமாரசுவாமி அதனை எழுதாது விட்டிருந்தால், அந்தக் குலுக்கலை நாம் இன்று அறிந்திருக்கமாட்டோம்.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். 1722ஆம் ஆண்டளவில் பிரான்சிய அறிஞர் ரேயோமூர் கெய்ரோ வழியாக வந்த இந்திய உருக்குக் கட்டிகளைப் பெற்று, பாரிசு நகரத்துக் கொல்லர்களிடம் கொடுத்தார். எவராலும் அதிலே ஒரு கருவியைத்தானும் அடித்தெடுக்க இயலவில்லை. சம்மட்டி பட்டதும் அது நொறுங்கிற்று. கொல்லர்கள் மூடர்களல்லர். தாம் பழகிய குறைகாபன் இரும்பை வெண்சூட்டிலே அடிப்பதுபோலவே இதையும் அடித்தார்கள். காபன் இவ்வளவு மிகுந்த உருக்கு வெண்சூட்டிலே உள்ளுக்குள் உருகத் தொடங்கிவிடும். கீழைத்தேயக் கொல்லர் அதனைச் செந்நிறச் சூட்டிலே, பொறுமையாக, பல முறை காய்ச்சி அடித்தனர். உலோகம் கப்பலேறிச் சென்றது. அதன் சூட்டை அறிந்த கை கப்பலேறவில்லை.

1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்கொட் சில கட்டிகளை லண்டனுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டிலே ஜோர்ஜ் பியர்சன் ராயல் சங்கத்தில் அவற்றைப் பற்றிக் கட்டுரை படித்தார். அவருக்காக அதிலே பேனாக்கத்தியொன்றை அடித்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர். சத்திரசிகிச்சைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்றவர் அவர். நெடுங்காலம் ஒப்பிட்டுப் பார்த்தபின், ஐரோப்பாவின் எந்த உருக்கினும் இந்திய உருக்கே மேலானதென முடிவு செய்து, தமது கடையின் விளம்பர அட்டையிலேயே அதனை அச்சிட்டார். கத்தி விற்றுப் பிழைப்பவர் மாற்றான் நாட்டு உலோகத்தைத் தமது பெயருக்குக் கீழே போற்றுவாரெனின், அது சாணைக்கல் அளித்த தீர்ப்பு.

இந்த ஸ்டோடார்ட்டோடு 1819ஆம் ஆண்டளவிலே ஓர் இளைஞர் சேர்ந்தார். அவர் ஒரு கொல்லனின் மகன். புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகியவர். பெயர் மைக்கேல் பரடே. மின்னியலின் தந்தையாக நமது பாடநூல்கள் போற்றும் அதே பரடே, அதற்கு முன்னர் ஐந்தாண்டுகள் உருக்கோடு போராடினார் என்பதை மாணவர்கள் அறிவது அரிது. இந்திய உருக்கின் மேன்மைக்கு இரசாயனக் காரணம் தேடுவதே அவரது முதல் வேலை. பகுத்துப் பார்த்ததில் அலுமினியத்தின் சுவடு தென்பட்டது. அதுவே காரணமென அவர் நம்பினார். அது தவறு. ஆயினும் வரலாற்றிலே இவ்வளவு பயன் தந்த தவறுகள் சிலவே. ஏதோ ஒரு பிற உலோகம் சிறிதளவு கலந்ததாலேயே உருக்கு சிறந்ததெனின், வேறு உலோகங்களைக் கலந்தால் என்ன என்ற வினா அதிலிருந்து பிறந்தது. வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம் என ஒவ்வொன்றாகக் கலந்து உருக்கினார்கள். 500 பங்கு உருக்குக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்ந்தபோது நல்ல கத்தி கிடைத்தது. அதற்கு மேல் வெள்ளி கலவாமல் துளிகளாய் வெளியேறிற்று. ரோடியம் கலந்த சவரக்கத்திகளைப் பரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார். இருவரும் 1820இலும் 1822இலும் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1823இல் ஸ்டோடார்ட் இறந்தார். அறிஞருக்கு உருக்குண்டு, உலையுண்டு. தீர்ப்புச் சொல்லும் சாணைக்கல் இல்லை. பரடேயும் வேறு துறைக்குச் சென்றார்.

அவர்கள் கலந்த குரோமியம் மிகச் சிறிய அளவினது. பிரான்சிலே 1821இல் பியேர் பேர்த்தியேயும் குரோமிய உருக்கிலே ஒரு கத்தியும் ஒரு சவரக்கத்தியும் செய்து, அதன் அமிலம் தாங்கும் இயல்பையும் கண்டிருந்தார். கையெட்டும் தூரத்திலே நின்ற செய்தி, பின்னும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

அக்காத்திருப்பு முடிந்த இடம் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம். ஷெபீல்டின் புகழுக்கு அடியிட்டவர் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளர். மணிக்கூட்டு வில்லுக்குச் சீரான உருக்கு வேண்டுமென 1740ஆம் ஆண்டளவில் அவர் களிமண் மூசையிலே உருக்கை முழுவதும் உருக்கி வார்த்தார். உள்ளூர்க் கத்தித் தொழிலதிபர்களோ அது மிகக் கடினம், வேலை செய்ய வராதென மறுத்துவிட்டனர். பிரான்சியர் அதை வாங்கிக் கத்தி செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியபின்னரே ஷெபீல்டாரின் கண் திறந்ததென்று கூறுவர். திறந்ததும் அவர்கள் முதலிற் கேட்டது ஏற்றுமதித் தடையாம்.

ஷெபீல்டுக்கும் தமிழகத்துக்கும் நேரடியான ஒரு தொடர்பும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியிற் பணிபுரிந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பறங்கிப்பேட்டையில் இரும்பாலையொன்றை நிறுவினார். கம்பனி அவருக்குக் கடனும் காட்டுக் கரியின் மேல் உரிமையும் கொடுத்தது. ஊர் உருக்குவோரின் உலைகளுக்கு எஞ்சிய கரியை எண்ணிப் பார்க்கக் கம்பனிக்கு நேரமிருக்கவில்லை. சேலத்து மூசை உருக்கை நேரிற் கண்டு, ஆவாரஞ் சுள்ளியையும் எருக்கிலையையும் பற்றி எழுதியவர் இவரே. 1839இலே, மங்கனீசைக் காபனோடு சேர்த்துச் சிறிதளவு மூசையிலிட்டால் மலிவான ஆங்கில இரும்பிலிருந்தும் நல்ல கத்தியுருக்கு கிடைக்குமென அவர் காப்புரிமை பெற்றார். ஷெபீல்ட் முதலாளிகள் அம்முறையைச் சற்றே மாற்றி, மங்கனீசையும் கரியையும் தனித்தனியே மூசையிலிட்டு, இது வேறு முறையென வாதாடினர். வழக்கு நீண்டது. 1851இல் ஹீத் செல்வமிழந்து இறந்தார். அவர் இறந்த பின்னும் 1855வரை வழக்கு நடந்தது, தீர்ப்பும் எதிராகவே வந்தது. மூலதனம் தன் இனத்தவனையும் விட்டுவைப்பதில்லை. சேலத்துக் கொல்லனோ இவ்வழக்கில் ஒரு கட்சிக்காரனாகக்கூட இல்லை.

ஷெபீல்டின் சாணை பிடிப்போரைச் சொல்லாமல் அந்நகரத்தைக் கடந்து செல்லுதல் தகாது. மணற்கல் சக்கரத்தின் மேல் குனிந்திருந்து கத்தியைத் தீட்டும்போது கல்லும் உருக்கும் பொடியாகி நுரையீரலை அடைத்தன. 1845இல் எங்கல்ஸ், அந்நகரத்து மருத்துவரொருவரின் கணிப்பைக் கொண்டு, உலர்ந்த கல்லிலே தீட்டுவோரின் சராசரி ஆயுள் முப்பத்தைந்தை எட்டுவதே அரிதென்றும், நனைந்த கல்லிலே தீட்டுவோர் நாற்பத்தைந்தைத் தாண்டுவது அரிதென்றும் எழுதினார். நெடுங்காலம் நிலைக்கும் அலகைச் செய்தவனின் வாழ்நாள் அது. புகையுறிஞ்சி பொருத்தலாமென்றபோது தொழிலாளரே சிலர் மறுத்தனர். நெடுநாள் வாழ்ந்தால் வேலைக்குப் போட்டி மிகுந்து கூலி குறையுமென அஞ்சினர். இவ்வாறு ஒருவனைச் சிந்திக்க வைக்கும் சமுதாயத்தைப் பற்றி வேறென்ன சொல்வது?

இந்த நகரத்திலேதான் 1871இல் ஹரி பிரேர்லி பிறந்தார். தந்தை மூசை உருக்குத் தொழிலாளி. ஷெபீல்டின் மூசைகளுக்குரிய களிமண்ணையும் வெறுங்காலால் மிதித்தே குழைத்தார்கள். வெண்சூட்டிலே ஒளிரும் மூசையை, நனைத்த சாக்குகளைக் காலிலே சுற்றிக்கொண்ட தொழிலாளர் குறட்டால் தூக்கியெடுத்தனர். அலுத்நுவரவுக்கும் ஷெபீல்டுக்கும் இடையே கண்டங்கள் கிடந்தன. வேலையின் உருவம் ஒன்றே. பன்னிரண்டு வயதளவில் தந்தை பணிசெய்த ஃபேர்த் ஆலைக்கே மகனும் சென்றான். ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் வேலை கிடைத்தது. கழுவிக்கொண்டே இரசாயனம் கற்றான். பிற்காலத்தில் சார் ஆட்சிக்குட்பட்ட ரீகாவிலே ஓர் உருக்காலையில் பணியாற்றித் திரும்பி, 1908இல் தொடங்கிய ஆய்வுகூடமொன்றின் தலைவரானார்.

1912இல் துப்பாக்கிக் குழல்கள் உள்ளே அரிக்கப்படுவதைத் தடுக்கும் உருக்கு வேண்டுமென அவரிடம் கேட்டனர். குரோமியம் மிகுந்த உருக்கு உயர்ந்த சூட்டிலேயே உருகுமென்பதால் அவர் அவ்வழியை நாடினார். 1913 ஓகத்து 13ஆம் நாள் வார்த்த உருக்கிலே குரோமியம் நூற்றுக்கு 12.8 பங்கு, காபன் 0.24 பங்கு. நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக அதன் முகத்தை அமிலத்தால் அரிக்க முயன்றபோது அது அரிபட மறுத்தது. அமிலம் பழுதென்று வேறொருவர் வீசியிருப்பார். பிரேர்லி ஷெபீல்டிலே பிறந்தவர். கறைபிடியாத உலோகமென்றால் முதலில் அவர் நினைவுக்கு வந்தது துப்பாக்கியன்று, சாப்பாட்டுக் கத்தி.

அக்காலத்து உருக்குக் கத்தி எலுமிச்சைச் சாறோ வினாகிரியோ பட்டால் கறுக்கும். ஈரம் பட்டால் கறள் பிடிக்கும். ஆகவே செல்வர் வீடுகளில் ஒவ்வொரு விருந்தின் பின்னும் வேலைக்காரச் சிறுவர்கள் செங்கற்பொடியிட்டுக் கத்திகளைத் தேய்த்தனர். பழம் வெட்டுவதற்கென்றே வெள்ளி அலகுகள் இருந்தன. ஏழை வீட்டிலே கத்தி கறுத்தபடியே கிடந்தது.

குரோமியம் பன்னிரண்டு பங்கை அண்மித்தவுடன் நிகழ்வது இதுவே: உருக்கின் மேற்பரப்பிலே கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஒட்சைட்டுப் படலமொன்று படிந்து, கீறினாலும் காற்றுப் பட்டு மீண்டும் தானே மூடிக்கொள்கிறது. ஆனால் கத்திக்குக் காபனும் வேண்டும். காபனோ குரோமியத்தைப் பற்றிக் காபைட்டு ஆக்கித் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். காபன் மிகுந்தால் கறைபிடிக்கும். குறைந்தால் கூர் நில்லாது. இக்கயிறிழுப்பின் நடுவே நிற்கும் அலகுதான் நாம் இன்று 'சில்வர்க் கத்தி' என அழைப்பது.

பிரேர்லி 1914இல் அவ்வுருக்கை ஷெபீல்டிலே இரு கத்தித் தொழிலகங்களுக்குக் கொடுத்தார். இரண்டும் கைவிரித்தன. அடிக்க முடியவில்லை, தீட்ட முடியவில்லை, தோய்த்தாற் கடினமாகவில்லை என்றனர். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவரென்று நகரமே அவரை எள்ளி நகைத்தது. சாதாரண கத்தியுருக்கை ஏறக்குறைய 780 பாகையிலே காய்ச்சித் தோய்ப்பார்கள். இவ்வுருக்கிலுள்ள குரோமியக் காபைட்டு அச்சூட்டிலே கரைவதில்லை. ஏறத்தாழ 1000 பாகைக்கு உயர்த்தினாலன்றிக் காபன் விடுதலையாகாது, உருக்கும் கடினமாகாது. பாரிசுக் கொல்லர் சூட்டைக் கூட்டிக் கெடுத்தனர். ஷெபீல்ட் கொல்லர் சூட்டைக் குறைத்துக் கெடுத்தனர். இருசாராரும் பழியை உலோகத்தின் மேற் போட்டனர்.

இந்தக் கட்டத்திலேதான் ஏர்ணஸ்ட் ஸ்டுவர்ட் வருகிறார். ஆர். எஃப். மோஸ்லி என்ற கத்தித் தொழிலகத்தின் மேற்பார்வையாளர் அவர். கறள் பிடியாத உருக்கென்பதை நம்ப மறுத்தவர், ஒரு துண்டை வினாகிரியில் இட்டுப் பார்த்து, இது கறைபடியாது என வியந்தார், அப்பெயரே நிலைத்தது. முதல் முயற்சியிலே கருவிகள் தேய்ந்தன. இரண்டாவது முயற்சியிலே அலகுகள் முறிந்தன. மூன்றாவது முறை பிரேர்லியே பட்டறைக்குச் சென்று உலையருகே நின்றார். உலோகத்தை அறிந்தவரும் கத்தியை அறிந்தவரும் ஒரே நெருப்பைப் பார்த்தபோது கத்தி வெட்டிற்று.

ஆலை முதலாளிகளுக்கு அப்போதும் அக்கறை பிறக்கவில்லை. உரிமை பற்றிய பிணக்கு முற்றி, பிரேர்லி பதவி விலகினார். உலகப் போர் மூண்டதும் அவ்வுருக்கு விமான எந்திர வால்வுகளுக்குச் சென்றது. சாப்பாட்டு மேசை காத்திருந்தது. அமெரிக்காவிலே 1916இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தபின்னரே ஃபேர்த் ஆலையும் அவரோடு கூட்டுச் சேர்ந்து இலாபத்திலே பங்குகொள்ள முன்வந்தது. தனியொருவரின் கண்டுபிடிப்பாக இதனைக் காட்டுவதும் பிழை. ஜேர்மனியில் குருப் ஆலையினர் 1912இலேயே குரோமியமும் நிக்கலும் கலந்த உருக்குக்கு உரிமை கோரியிருந்தனர். ஆனால் அது தோய்த்துக் கடினமாக்க முடியாத வகை. நமது வீடுகளிலுள்ள நல்ல கரண்டி பெரும்பாலும் அக்குடும்பத்தைச் சேர்ந்தது, 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்டது. கத்தி பிரேர்லியின் குடும்பம். காந்தத்தை வைத்துப் பார்த்தால் மாணவர்களே வேறுபாட்டைக் கண்டுகொள்வர்: கத்தியில் ஒட்டும், அக்கரண்டியில் ஒட்டாது.

அதன் பின்வந்த உருக்குகள் பல. அவற்றையெல்லாம் அடுக்குதல் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: வனேடியம் காபனோடு சேர்ந்தால் குரோமியக் காபைட்டினும் கடினமான நுண்மணிகள் உண்டாகின்றன. அவற்றை அளவுமீறிச் சேர்த்தால் வார்க்கும்போது திரண்டு அலகை முறிக்கும். எனவே உருகிய உருக்கை வாயுப் பீச்சலாற் பொடியாக்கி, அப்பொடியை அமுக்கத்திலும் சூட்டிலும் ஒட்டவைக்கும் முறை 1970ஆம் ஆண்டளவில் தொழிலுக்கு வந்தது. நூற்றுக்கு பத்துப் பங்குவரை வனேடியம் கொண்ட அலகுகள் இதனாற் சாத்தியமாயின. கூர் மிக நெடுநாள் நிற்கும். ஆனால் மழுங்கினால் நமது அம்மிக்கல்லும் வாசற்படியும் அதற்குப் போதா. வீட்டுப் பெண்ணுக்கும் கடற்றொழிலாளிக்கும் பெரும்பாலும் வேண்டுவது, மழுங்கியதும் தானே தீட்டிக்கொள்ளத்தக்க கத்தி. நீடிப்பென்பது யாருடைய கையில் என்பதைப் பொறுத்தது.

இந்த வனேடியம் நம்மை மீண்டும் பழைய மூசைக்கே கொண்டுசெல்கிறது. இந்திய, இலங்கை உருக்குக் கட்டிகளிலிருந்து மேற்காசியக் கொல்லர் அடித்த தமஸ்கு வாள்களின் அலகிலே நீரலைபோன்ற வரிகள் ஓடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் அவ்வரியுடைய வாள் செய்யும் கலை மங்கத் தொடங்கிப் பின் மறைந்தது. காரணம் தெரியாது ஒரு நூற்றாண்டுக்கு மேல் பலரும் பல கதை கட்டினர். உருக்காராய்ச்சியிலே பேர்பெற்ற ரொபேர்ட் ஹட்ஃபீல்ட் 1912இல் சிகிரியாவில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டு உளியையும் வேறு பழைய இலங்கை இரும்புகளையும் பகுத்தாராய்ந்தார். 1931இல் பரடே விட்டுச்சென்ற பெட்டியைத் திறந்து, அதிலிருந்த 79 துண்டுகளையும் ஆராய்ந்து நூலாக்கினார். வரியின் மர்மம் அவருக்கும் வசப்படவில்லை.

அமெரிக்காவிலே ஜோன் வேர்ஹோவன் என்ற உலோகவியற் பேராசிரியரும், புளோரிடாவில் குதிரைக்கு லாடமடித்து வாழ்ந்த ஆல்பிரட் பெண்ட்ரே என்ற கொல்லரும் பல ஆண்டுகள் கூடி உழைத்து, 1998இல் விடையை வெளியிட்டனர். வனேடியம் போன்ற உலோகங்கள் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு கலந்திருந்தாலும் போதும். திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது காபைட்டு மணிகள் வரிசையாகப் படிந்து வரிகளாகின்றன. அச்சுவடு சில ஊர் மண்ணிலே மட்டும் இருந்தது. பரடே தேடிய பிற உலோகம் உண்மையாகவே அங்கிருந்தது. அலுமினியம் அன்று, அவ்வளவே. அந்தத் தாது தீர்ந்தபோது, அல்லது அந்த உலை அணைந்தபோது, தமஸ்கிலே இருந்த கொல்லர் அதே சூட்டில், அதே சம்மட்டியால், தந்தை கற்பித்தபடியே அடித்தார். வரி வரவில்லை. ஏன் வரவில்லையென அவருக்குச் சொல்ல எவருமில்லை. மகனுக்குக் கற்பிக்க அவரிடம் எதுவுமில்லை.

புளோரிடாவிலே பெண்ட்ரே உருக்கிய மூசைக்குள் இரும்போடும் கரியோடும் கண்ணாடித் துண்டுகளும் ஒரு பிடி பச்சை இலைகளும் இடப்பட்டன.